மிட்-சீசன் டிராஃப்டுக்கு ஆள் தேட மாநில லீக் நேரலை போதுமா?

ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் உச்ச லீக் ஏஎஃப்எல். அதன் கிளப்புகள் சீசன் நடுவில் புது வீரர்களை வரிசைப்படி எடுக்கும் ஏற்பாடுதான் மிட்-சீசன் டிராஃப்ட். இங்கே மதிப்பிடுவது அதற்குக் கீழுள்ள மூன்று மாநில லீக்குகளின் நேரலையையும் மறு ஒளிபரப்பையும்: கிழக்குக் கரையின் விஎஃப்எல், தெற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்ஏஎன்எஃப்எல், மேற்கு ஆஸ்திரேலியாவின் டபிள்யூஏஎஃப்எல். சில ஆட்டங்கள் சேனல் 7-இலும் 7ப்ளஸ் செயலியிலும் வருகின்றன. விஎஃப்எல்லின் மற்ற ஆட்டங்களை ஏஎஃப்எல்லின் தளத்திலும் செயலியிலும் பார்க்கலாம். ரசிகராக ரசிக்க இவை எப்படி என்பது வேறு பேச்சு. ஏஎஃப்எல் கிளப் ஒன்று சீசன் நடுவில் எடுக்கத் தகுந்த வீரரை இவற்றை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பந்துக்காக மோதி எடுக்கும் மிட்ஃபீல்டரை மதிப்பிட நேரலை போதும். நடுவர் எறியும் பந்தைக் குதித்துத் தட்டும் ரக்மேனை மதிப்பிட முக்கால் பங்கு போதும். டிஃபெண்டரையும் உயரமான ஃபார்வர்டையும் நேரலையை மட்டும் நம்பி முடிவு செய்தால் தவறு நிச்சயம். அதற்குக் காரணம் படத்தின் தரம் அல்ல, கேமரா நிற்கும் இடம்.

கேமராவுக்குப் போகும் முன் இந்த டிராஃப்டின் தன்மையைப் பார்த்துவிட வேண்டும். 2019-இல் மீண்டும் தொடங்கிய இது, கொரோனாவால் 2020-இல் மட்டும் நடக்கவில்லை. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ நடக்கிறது. நீண்ட காலக் காயம், ஓய்வு போன்ற காரணங்களால் பட்டியலில் காலியிடம் உள்ள கிளப்புகளே கலந்துகொள்ளும். புள்ளிப் பட்டியலில் கடைசியில் இருப்பவர் முதலில் எடுப்பார். நவம்பரில் நடக்கும் தேசிய டிராஃப்டில் ஐந்து வருடம் கழித்து ஒரு பையன் எப்படி வளர்ந்திருப்பான் என்று கிளப்புகள் யோசிக்கும். இங்கே கேள்வி குறுகலானது: முழங்கால் போன நம் இரண்டாவது ரக்மேனின் இடத்தில் மூன்று வாரத்தில் நிற்க யாரால் முடியும்? திறமைசாலியாக இருந்தும் கிளப்பின் ஓட்டைக்குப் பொருந்தாதவர் பெயர் அழைக்கப்படாமல் போவதும், யாரும் பேசாத ஒருவர் பெயர் ஒலிப்பதும் இதனால்தான்.

கையில் இருக்கும் ஆதாரமும் கொஞ்சம். மாநில லீக்குகள் மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையே தொடங்குகின்றன. ஓய்வு வாரங்களைக் கழித்தால் டிராஃப்டுக்கு முன் ஒரு வீரருக்கு ஏழெட்டு ஆட்டம் தேறும். அதில் இரண்டில் மழை பெய்திருக்கும். எனவே முந்தைய வருட ஆட்டங்களின் மறு ஒளிபரப்பு கிடைக்கும் சேவைக்கு மதிப்பு அதிகம். நேரலையின் தெளிவைவிடப் பழைய ஆட்டங்களின் இருப்பையே முதலில் பாருங்கள். மார்லியன் பிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் ரிச்மண்ட் அவரை 13-ஆவது தேர்வில் எடுத்தபோது அவருக்கு வயது 27, விரலில் காயம். அந்த வாரத்து ஆட்டத்தை மட்டும் தேடியவர்களுக்கு அவர் கண்ணில் பட்டிருக்க மாட்டார். சவுத் ஃப்ரீமாண்டிலுக்காக அவர் ஆடிய முந்தைய சீசன்களே அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லின. அதே வருடம் கிராண்ட் ஃபைனல் எனும் இறுதிப் போட்டியில் அறிமுகமாகி 22 டிஸ்போசலும் (கிக்கிலோ, கைமுட்டியால் அடிக்கும் ஹேண்ட்பாலிலோ பந்தை அனுப்புவது) ஒரு கோலும் எடுத்தார்.

இனி கேமரா. மாநில லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை பக்கவாட்டு ஸ்டாண்டின் உயரத்தில் ஒன்றிரண்டு கேமராவை வைத்து எடுக்கப்படுகின்றன. கேமரா பந்தின் பின்னால் போகிறது. ஆட்டம் நின்று நடுவர் பந்தை மீண்டும் எறியும் ஸ்டாபேஜ் நடக்கும்போது நெருங்கி வருகிறது, கிக் பறக்கும்போது விரிகிறது. 36 பேர் ஆடும் களத்தில் ஒரு சமயத்தில் திரையில் இருப்பது பாதிக்கும் குறைவு. பந்து எதிர்முனையில் இருக்கும்போது கோலுக்கு முன் நிற்கும் கடைசி டிஃபெண்டரான ஃபுல் பேக் எங்கே நிற்கிறார், தன் ஆளை விட்டு எத்தனை அடி முன்னே வருகிறார், ஃபார்வர்ட் முதல் ஓட்டத்தில் பந்து வராவிட்டால் இரண்டாவது முறை ஓடுகிறாரா, எதுவும் தெரியாது. கிளப்புகள் கோல் கம்பத்துக்குப் பின்னிருந்து எடுக்கும் படத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதும் இதற்காகத்தான்.

தூரம் ஏமாற்றுவது இன்னொரு சிக்கல். உயரத்திலிருந்து ஜூம் செய்த படத்தில் 35 மீட்டர் கிக்கும் 45 மீட்டர் கிக்கும் ஒன்றாகத் தெரியும். மைதானத்தின் கோடுகளையே அளவுகோலாக வையுங்கள். நடுச் சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் 50 மீட்டர். கோல் சதுரம் 9 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். நடுவில் உள்ள இரண்டு வட்டங்களின் விட்டம் 3 மீட்டரும் 10 மீட்டரும். ஒரு கிக் நடுச் சதுரத்தின் ஒரு கோட்டிலிருந்து எதிர்க் கோட்டைத் தாண்டி விழுந்தால் 50 மீட்டர் உறுதி. வர்ணனையாளர் சொல்லும் தூரத்தைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

வேகத்தை அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். டிராஃப்ட் சோதனைகளில் 20 மீட்டரை நின்ற நிலையிலிருந்து சுமார் 3 நொடியில் ஓடினால் நல்ல நேரம், 2.9-க்குக் கீழே போனால் மிக வேகமானவர். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காணொளியில் 3 நொடி என்பது 75 ஃபிரேம். எண்ணிப் பார்ப்பது எளிதுதான். ஆனால் ஆட்டத்தில் வீரர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார், அதனால் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். அதைச் சோதனை நேரத்தோடு ஒப்பிட்டு ‘மின்னல்’ என்று எழுதுவது பலர் செய்யும் பிழை. ஒரே ஆட்டத்தில் அவரைத் துரத்தும், ஏஎஃப்எல் கிளப்பின் ஒப்பந்தத்தில் உள்ள பட்டியல் வீரரோடு ஒப்பிடுங்கள். இடைவெளி கூடுகிறதா, குறைகிறதா என்பதே தேவை.

மிட்ஃபீல்டருக்கு நேரலை ஏன் போதும்? அவர் வேலை நடக்கும் இடமும் கேமரா நெருங்கி வரும் இடமும் ஒன்று. ஜெய் நியூகோம்பை ஹாதார்ன் 2021-இல் பாக்ஸ் ஹில்லிலிருந்து இரண்டாவது தேர்வில் எடுத்தது. அறிமுக ஆட்டத்திலேயே 14 டாக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது). அப்படி ஒரு குணம் பக்கவாட்டுக் கேமராவில் ஒளிந்திருக்காது. பார்க்க வேண்டியவை நான்கு. பந்து தரையில் இருக்கும்போது முதல் முயற்சியிலேயே கைக்கு வருகிறதா, தட்டித் தடுமாறி வருகிறதா? கையில் வந்த பின் முதல் மூன்று அடியில் எதிராளியை விலக்குகிறாரா? டாக்கிள் பிடிபட்ட பின்னும் கை மேலே இருந்து ஹேண்ட்பால் வெளியேறுகிறதா? டாக்கிள் போட்டால் எதிராளி நிற்கிறாரா, வழுக்கிக்கொண்டு போகிறாரா? இவற்றை ஒவ்வொரு ஸ்டாபேஜுக்கும் ஒரு கோடு போட்டுக் குறித்தால் மூன்று ஆட்டத்தில் ஆள் தெளிவாகிவிடுவார். டிஸ்போசல் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். மாநில லீக்கில் 30 டிஸ்போசல் எடுப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பந்தை வெளியே வாங்கிப் பக்கத்தில் கொடுப்பவர்கள், அந்த வேலைக்கு ஏஎஃப்எல் கிளப்பில் ஏற்கெனவே ஆள் உண்டு.

ரக்மேன் விஷயத்தில் ஸ்டாபேஜ் முழுவதும் திரையில் கிடைக்கும். குதிக்கும் நேரம், உடலை வைக்கும் விதம், தட்டிய பந்து யார் கைக்குப் போனது எல்லாம் தெரியும். புள்ளி அட்டையில் வரும் ஹிட்-அவுட் (ரக்மேன் தட்டிய பந்து) எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். தட்டிய பந்து ஓட்டம் தடைபடாமல் நம் ஆள் கைக்குப் போனால் மட்டும் ஒன்று என்று நீங்களே எண்ணுங்கள். 40 ஹிட்-அவுட்டில் இப்படி எட்டுதான் தேறும் ஆட்களும் உண்டு, 22-இல் பத்து தேறும் ஆட்களும் உண்டு. பின்னவரைத்தான் எடுக்க வேண்டும். காணாமல் போகும் கால் பங்கு ஸ்டாபேஜ் முடிந்த பிறகு நடப்பது: அடுத்த மோதலுக்கு ஓடுகிறாரா, இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா? கேமரா அப்போது பந்தோடு போயிருக்கும். இதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. அடுத்த ஸ்டாபேஜில் நடுவர் பந்தை எறியும் முன் அவர் வந்து சேர எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். முதல் குவார்ட்டரையும் கடைசி குவார்ட்டரையும் ஒப்பிட்டால் உடல் தாங்குமா என்பது ஓரளவு பிடிபடும்.

பின்களத்திலிருந்து தாக்குதலைத் தொடங்கும் ஹாஃப் பேக்கில்தான் நேரலை மிக அதிகமாக ஏமாற்றும், இந்த டிராஃப்டில் நல்ல பலன் தந்த இடங்களில் அதுவும் ஒன்று. வெஸ்ட் அடிலெய்டிலிருந்து 2019-இல் காலிங்வுட் எடுத்த ஜான் நோபிள், சவுத் அடிலெய்டிலிருந்து 2025-இல் வெஸ்ட் கோஸ்ட் முதல் தேர்வில் எடுத்த டாம் மெக்கார்த்தி இருவரும் பின்னாலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள். இந்த வகை வீரரின் ஓட்டமும் கிக்கும் திரையில் அழகாக இருக்கும். பந்து வருவதற்கு முன் அவர் தன் ஆளை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினாரா என்பது திரைக்கு வெளியே நடக்கும். அந்தத் துணிச்சல் பலிக்காத தடவைகளில் எதிரணி கோல் போடும், கேமரா கோல் போட்டவரைக் காட்டும், விட்டுவிட்டுப் போனவரைக் காட்டாது. எதிரணி கோல் ஒவ்வொன்றையும் 20 நொடி பின்னோக்கி ஓட்டி, உங்கள் ஆள் சட்டகத்தில் இருக்கிறாரா என்று தேடுங்கள். பாதித் தடவை கிடைக்க மாட்டார். அந்தப் பாதிக்காகவே மைதானத்துக்குப் போக வேண்டும்.

உயரமான ஃபார்வர்டுக்கு நேரலையில் கிடைப்பது கடைசி மூன்று நொடி மட்டும்: குதிப்பு, கை, மார்க் (உதைத்த பந்தைப் பிடிப்பது). அதை வைத்து ‘கை நல்ல கை’ என்று சொல்லலாம், அவ்வளவுதான். கிக் பலமான ஆளுக்கும் கிக் நேரான ஆளுக்கும் வித்தியாசம் பார்க்க செட் ஷாட் (ஆட்டம் நின்ற நிலையில் கோலுக்கு உதைப்பது) ஒவ்வொன்றையும் கோணம், தூரம், காற்றுத் திசையோடு எழுதுங்கள். காற்று ஒரு பெரிய விஷயம். மெல்போர்ன் தென்கிழக்கில் உள்ள கேசி ஃபீல்ட்ஸ் காற்றுக்குப் பேர்போனது. அங்கே ஒரே வீரர் ஒரு முனையில் 55 மீட்டரும் மறுமுனையில் 40 மீட்டரும் உதைப்பார். இரண்டு முனையையும் பார்க்காமல் எழுதிய குறிப்பைக் கிழித்துப் போடலாம்.

லீக்குக்கு லீக் ஒரே எண்ணுக்கு வேறு பொருள். எஸ்ஏஎன்எஃப்எல்லில் 2016-இலிருந்து கடைசியாகக் கிக்கோ ஹேண்ட்பாலோ செய்து பந்தை வெளியே அனுப்பிய அணிக்கு எதிராக ஃப்ரீ கிக். இதனால் எல்லைக்கோட்டுத் த்ரோ-இன் குறைகிறது, ரக்மேனின் ஹிட்-அவுட்டும் ஸ்டாபேஜிலிருந்து பந்தை வெளியே கொண்டுபோகும் மிட்ஃபீல்டரின் கிளியரன்ஸும் அதோடு குறைகின்றன. அந்த ஃப்ரீ கிக்கை எடுக்கும் ஹாஃப் பேக்கின் டிஸ்போசல் கூடுகிறது. எதிராளி நெருங்காத நிலையில் எடுத்த அந்தக் கிக்குகளைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள், எண்ணும் துல்லியமும் சேர்ந்தே இறங்கும்.

விஎஃப்எல்லில் சிக்கல் வேறு. மெல்போர்னுக்கு கேசி, ஹாதார்னுக்கு பாக்ஸ் ஹில் என்று ஏஎஃப்எல் கிளப்போடு இணைந்த அணிகளில் பட்டியல் வீரர்களுக்கே முன்னுரிமை. மேலே ஏஎஃப்எல் அணியில் காயம் குறைவாக இருக்கும் வாரத்தில் பட்டியலில் இல்லாத மிட்ஃபீல்டரை விங்குக்கோ முன் மூலைக்கோ தள்ளிவிடுவார்கள். அந்த வாரம் அவர் எண்ணிக்கை பாதியாகும். அதில் அவர் தவறு எதுவும் இல்லை. உண்மையில் அந்த வாரத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏஎஃப்எல்லில் அவருக்குக் கிடைக்கப்போவதும் அந்த ஓர வேலைதான். வில்லியம்ஸ்டவுன், போர்ட் மெல்போர்ன், வெரிபி, ஃபிராங்ஸ்டன் போன்ற தனித்த கிளப்புகளில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஒரு வீரரின் இடம் வாரா வாரம் நிலையாக இருக்கும், ஒப்பிடுவதும் எளிது.

டபிள்யூஏஎஃப்எல்லில் ஃப்ரீமாண்டிலின் வீரர்கள் பீல் தண்டருக்கு ஆடுகிறார்கள், வெஸ்ட் கோஸ்ட் 2019-இலிருந்து தன் சொந்த அணியையே இறக்குகிறது. எஸ்ஏஎன்எஃப்எல்லில் அடிலெய்டும் போர்ட் அடிலெய்டும் அப்படியே. உங்கள் ஆள் இந்த அணிகளை எதிர்த்து ஆடும் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஆட்டத்துக்கு முன் எதிரணிப் பட்டியலில் ஏஎஃப்எல் வீரர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பதினைந்து பேர் இருந்தால் பரீட்சை, ஐந்து பேர் இருந்தால் சாதாரண ஆட்டம். அணியின் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இளம் வீரர்களுக்கான டேலண்ட் லீக்கையும் விட்டுவிட முடியாது. ஜெய் கல்லி 2022-இல் டாண்டினாங் ஸ்டிங்ரேஸிலிருந்தும், ரையன் மாரிக் 2023-இல் கிப்ஸ்லாண்ட் பவரிலிருந்தும் வெஸ்ட் கோஸ்டின் முதல் தேர்வாகப் போனார்கள். இருவரும் வயது வரம்பைத் தாண்டியும் ஆட அனுமதிக்கப்பட்டவர்கள், அந்தந்த வருடம் 19 வயதை எட்டியவர்கள். இங்கே எச்சரிக்கை ஒன்றே: 17 வயதுப் பையன்கள் மேல் 19 வயதுக்காரர் எடுக்கும் மார்க்குக்கு மதிப்புக் குறைவு. அவருக்கு விஎஃப்எல்லில் ஓர் ஆட்டம் கிடைத்திருந்தால், டேலண்ட் லீக்கின் ஐந்து ஆட்டத்தைவிட அந்த ஒன்றையே திரும்பத் திரும்பப் பாருங்கள்.

ஒரு காணொளியைப் பார்க்கும் முறை இதுதான். முதலில் அணிப்பட்டியலையும் சட்டை எண்ணையும் சரிபாருங்கள். கடைசி நேர மாற்றத்தால் எண் மாறியிருக்கும், விஎஃப்எல்லில் பட்டியலில் இல்லாதவர்கள் பெரிய எண்களில் வருவதால் 56-உம் 58-உம் மங்கலான படத்தில் ஒன்றாகிவிடும். கால் சட்டை, முடி, தோளில் கட்டு, கை உறை என்று எண்ணைத் தவிர இரண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் ஆட்டத்தை நிறுத்தாமல் பார்த்து அவர் எந்த இடத்தில் தொடங்குகிறார், எப்போது பெஞ்சுக்குப் போகிறார் என்று மட்டும் குறியுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் அவர் பந்தோடு தொடர்புபட்ட ஒவ்வொரு இடத்தையும் நேரத்தோடு எழுதுங்கள். ஒரு ஆட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் பின்தொடராதீர்கள், மூன்றாவது ஆளைச் சேர்த்தால் மூவரைப் பற்றியும் பொதுவான வார்த்தைகள்தான் மிஞ்சும். ஹைலைட் தொகுப்பை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அதில் தவறவிட்ட மார்க் இருக்காது.

பலவீனமான காலால் உதைப்பதை மதிப்பிட, அழுத்தத்தில் அந்தக் காலால் உதைத்த பத்துக் கிக்காவது சேர வேண்டும். சேராவிட்டால் அதுவே ஒரு தகவல்: அவர் அந்தக் காலைத் தவிர்க்கிறார். எதிரணி அதைக் கண்டுபிடித்து அவரை எப்போதும் அந்தப் பக்கமே திருப்பும்.

மைதானத்துக்குப் போனால் நடுப் பகுதியில் உட்காராதீர்கள், அது கேமரா ஏற்கெனவே கொடுத்த பார்வை. கோல் கம்பத்துக்குப் பின்னால், முடிந்தவரை மேடான இடத்தில் நில்லுங்கள். டிஃபெண்டரைப் பார்ப்பதானால் அவர் காக்கும் முனைக்குப் பின்னால், ஒவ்வொரு குவார்ட்டருக்கும் முனை மாற நீங்களும் மாறுங்கள். பந்து எதிர்முனையில் இருக்கும்போது பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்ப்பது முதல் அரை மணி நேரம் கடினமாக இருக்கும். மாநில லீக் மைதானங்கள் பலவற்றில் குவார்ட்டர் இடைவேளையில் ரசிகர்கள் களத்துக்குள் போய்ப் பயிற்சியாளர் பேசுவதைக் கேட்கலாம். இது எந்த நேரலையும் தராத சலுகை. பயிற்சியாளர் ஒருவருக்கு இடம் மாற்றச் சொன்னார், அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் அதைச் செய்தாரா? சீசன் நடுவில் புது கிளப்புக்குள் நுழைபவருக்கு இதைவிட முக்கியமான தேர்வு கிடையாது.

குறுகலான மைதானங்களிலும் கவனம் தேவை. அடிலெய்டின் நார்வுட் ஓவல் அகலம் குறைந்தது. அங்கே ஒரு கிக்கில் மறுபக்கம் மாற்றிவிடும் ஹாஃப் பேக், மெல்போர்னின் பெரிய மைதானமான எம்சிஜியில் அதே கிக்கை உதைத்தால் பந்து நடுவழியில் விழும். டாக்கிள் எண்ணிக்கையும் அங்கே கூடும், நெருக்கத்தால்.

டிராஃப்டுக்கு முந்தைய வாரத்தில் புதிதாக ஆளைத் தேடாதீர்கள். கையில் இருக்கும் பெயர்களுக்கு மூன்றைச் சரிபார்த்தால் போதும். முதலாவது, டிராஃப்டுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாரா? கொடுக்காதவரை யாரும் எடுக்க முடியாது. இரண்டாவது, ஆறு மாத ஒப்பந்தமா, அடுத்த சீசனையும் சேர்த்து 18 மாதமா? 18 கேட்பவரை எடுக்கும் கிளப் அடுத்த வருடப் பட்டியலில் ஓர் இடத்தை இப்போதே செலவழிக்கிறது, அந்த இடம் இல்லாத கிளப் அவரைத் தாண்டிப் போய்விடும். மூன்றாவது, கடைசி இரண்டு ஆட்டத்தில் அவர் பெஞ்சில் இருந்த நேரம் கூடியிருக்கிறதா? தொடையில் கட்டு, இடைவேளையில் தனியாகச் சைக்கிள் ஓட்டுவது, கடைசி குவார்ட்டரில் முன் மூலையில் நிறுத்திவைப்பது ஆகியவை காயச் செய்தி வெளிவரும் முன்னே தெரியும் அறிகுறிகள். இந்த அறிகுறிகளில் முதல் இரண்டுக்கு மைதானம் வேண்டும். மூன்றாவதை நேரலையிலேயே பார்த்துவிடலாம்.